வலது பக்கம் போங்க பாஸ்!

இண்டஸ்ட்ரியல் விசிட் என்றால் என்ன? காலையில் ஒரு ஃபேக்டரி வாசலில் குரூப் போட்டோ, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் போட் ஹவுஸ்! ஹெச்.ஓ.டி.க்குக் கொடுக்கிற லெட்டரில் மட்டும்தான் ஃபேக்டரி பெயர் பெரிசாக இருக்கும். பஸ் ஏறினதிலிருந்து பேச்செல்லாம் போட்டிங் பற்றித்தான். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, பிச்சாவரம், ஒகேனக்கல், பார்டர் தாண்டினால் தேக்கடி... இடம் மாறலாம். படகில் கால் வைத்த அடுத்த செகண்ட் ஒரு குரல் கேட்கும் பாருங்க, அது மட்டும் எந்த ஊரிலும் மாறாது. "டேய் மச்சி... ஆட்டுடா!"

இந்தக் கட்டுரை அந்த 'ஆட்டுடா' பார்ட்டிக்குத்தான். அவரைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒருத்தர் கேரன்ட்டி. சில கிளாஸில் நாலு பேர். அந்த நாலு பேரும் ஒரே படகில் ஏறுவார்கள் என்பதுதான் விசேஷம்!

அட்வைஸ் ஆரம்பிச்சுட்டாங்கடான்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஒரே ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. பைக் ஓட்டணும்னா எல்.எல்.ஆர்., எட்டு போடுறது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கால் கடுக்க நிற்கிறதுன்னு எத்தனை படி! ஆனால் ஏரியில் அரை மணி நேரத்துக்கு டிக்கெட் எடுத்தால் போதும். துடுப்பைக் கையில் கொடுத்து, படகை ஒரு தள்ளு தள்ளி விட்டுடறாங்க. எந்தப் பக்கம் போகணும், எதிரே ஆள் வந்தால் யார் விலகணும், எப்படித் திரும்பணும்... யாரும் சொல்றதில்லை. நாமும் கேட்கிறதில்லை.

கேட்காததால் வந்த பதில் இதோ. ரோட்டில் நாம் இடது பக்கம் போகிறோம். தண்ணீரில் வலது பக்கம்! கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1972-ல் உலக நாடுகள் சேர்ந்து எழுதின விதிகள் இருக்கின்றன. அதன்படி, எதிரும் புதிருமாக இரண்டு படகு வந்தால் ரெண்டு பேருமே தங்கள் வலது பக்கமாக ஒதுங்க வேண்டும். குறுக்கே வருகிற படகு உங்க வலது பக்கத்திலிருந்து வந்தால் வழி விட வேண்டியது நீங்க. பின்னாலிருந்து முந்துகிறவர்தான் ஒதுங்கிப் போகணும், முன்னே போகிறவர் இல்லை. இதெல்லாம் கடலுக்கு எழுதினது, கொடைக்கானல் ஏரியில் ஃபைன் போட யாரும் நிற்கப் போவதில்லை. ஆனால் எதிரே வருகிற படகும் இதைத் தெரிந்து வைத்திருந்தால், "ஹலோ... ஹலோ... இந்தப் பக்கம்... ஐயோ, அந்தப் பக்கம்!" என்ற கூத்து மிச்சம்.

இதில் ஒரு ட்விஸ்ட் வேற இருக்கு. மிதி படகில் நீங்க போகிற திசையைப் பார்த்து உட்காருவீங்க. பிரச்னை இல்லை. ரெண்டு துடுப்புப் போடுகிற படகில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும். உலகத்தில் டிரைவர் பின்னால் பார்த்துக்கொண்டு முன்னால் போகிற வண்டி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் எல்லாமே தலைகீழ். வலது கையால் இழுத்தால் படகின் மூக்கு உங்க இடது கைப் பக்கமாகத் திரும்பும். படகுக்கு வலது என்பது உங்களுக்கு இடது. முதல் பத்து நிமிஷம் எல்லாரும் ஒரே இடத்தில் வட்டம் அடிக்கிறதுக்கு இதுதான் காரணம், உங்க கையில் எந்தக் குறையும் இல்லை!

எனவே எதிரே உட்கார்ந்திருக்கிற ஃபிரெண்டுக்கு ஒரு வேலை கொடுங்க. அவர்தான் உங்க கண்டக்டர். போகிற திசை அவருக்குத்தான் தெரியும். "ரைட்... ரைட்..." சொல்கிற வேலையை விட்டுட்டு அவர் செல்ஃபியில் மூழ்கினால், அடுத்த படகின் விலாவில் போய் இடிப்பது நிச்சயம்.

ஆட்டினால் என்ன ஆகும்?

சரி, நம்ம பார்ட்டிக்கு வருவோம். பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறி ஆட்டம் போட்டாலும் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? ஐம்பது பேர் சேர்ந்தாலும் சுமார் மூன்று டன். பஸ் அதைப்போல பல மடங்கு கனம். ஒரு சின்ன ஃபைபர் படகைப் பாருங்க. நாலு பேர் ஏறினால் படகைவிட ஏறின ஆட்களின் கனம் அதிகமாகிவிடும். அதாவது, அங்கே நீங்கதான் வண்டி! நீங்க சாய்ந்தால் வண்டி சாயும். நீங்க எழுந்து நின்றால் மொத்தக் கனமும் மேலே ஏறும். உட்கார்ந்திருக்கும்போது சாய்கிற படகு தானாக நிமிர்ந்து கொள்ளும். நாலு பேர் நிற்கும்போது அதே அளவு சாய்ந்தால் அது நிமிர்வதற்குப் பதில் இன்னும் சாயப் பார்க்கும். ஃபிசிக்ஸ் லேப் ரெக்கார்டில் 'சென்டர் ஆஃப் கிராவிட்டி' என்று காப்பி அடித்தோமே, அதே சமாச்சாரம்தான்.

ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பயத்தில் எல்லாரும் மறு பக்கம் பாய்வார்கள். படகு கவிழ்வது பல தடவை முதல் ஆட்டத்தில் இல்லை, அதைச் சரி செய்யப் பாய்ந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். சாய்கிறதா? இருக்கிற இடத்திலேயே குனிந்து, நடுவை நோக்கி உட்காருங்க. அவ்வளவுதான்.

'சின்னப் படகுக்குத்தானே இதெல்லாம், பெரிய படகில் என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி. 2009 செப்டம்பர் 30. இடம் தேக்கடி.

1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவான ஏரி அது. அப்போது மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் உட்கார்ந்து சிறகு காய வைக்கிற நீர்க்காகங்கள், கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும் யானைகள், காட்டெருமைகள்... போட்டோவில் பார்த்திருப்பீங்க. அன்றைக்குச் சாயங்காலமும் அதைப் பார்க்கத்தான் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகில் எண்பது பேர் அளவில் போனார்கள். படகு சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரையில் மிருகங்கள் தெரிந்ததும் மேல் தளத்தில் இருந்தவர்கள் அதைப் பார்க்க ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது. கவிழ்ந்தது. 45 பேர் போய்விட்டார்கள். அதில் நம்ம ஊரிலிருந்து டூர் போனவர்களும் உண்டு.

படகின் வடிவமைப்பிலேயே நிலைத்தன்மை போதவில்லை என்ற கேள்வி விசாரணைகளில் எழுந்தது. அது கட்டியவர்களும் ஓட்ட அனுமதித்தவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். பயணிகள் மேல் மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க, அங்கே யாரும் 'ஆட்டுடா' என்று கத்தவில்லை. குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணவில்லை. குழந்தைக்கு யானையைக் காட்டணும்னு நாலடி நகர்ந்தார்கள். அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு தேக்கடிக்குப் போகிற எல்லாருக்கும் வந்திருக்கும். இப்போது அங்கே ஜாக்கெட் போடாமல் படகு கிளம்பாது.

தேக்கடியோடு முடிந்ததா என்றால், இல்லை. 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று நம்ம பழவேற்காட்டில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில் இருட்டுகிற நேரத்தில் போன உல்லாசப் படகில் 22 பேர். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டினது என்று பிறகு செய்தி வந்தது. 2024 ஜனவரி 18-ம் தேதி குஜராத்தின் வதோதராவில் ஸ்கூல் பிக்னிக் போன 12 பிள்ளைகளும் 2 டீச்சர்களும். அளவுக்கு மேல் ஆட்கள், போதாத ஜாக்கெட்டுகள் என்று ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 1917-ம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. எஞ்சின் வைத்த படகுக்குப் பதிவு வேணும், தகுதிச் சான்று வேணும் என்கிறது. பேப்பரில் சட்டம் இருக்கு. ஜெட்டியில் நிற்கிற உங்களுக்கு அது தெரியப் போவதில்லை. தெரிகிற மாதிரி ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் ஏறலாம் என்று படகின் மேலேயோ டிக்கெட் கவுன்ட்டரிலோ எழுதியிருக்கும். எண்ணிப் பாருங்க. "அண்ணா, நாங்க ஏழு பேர், ஒரே படகுல போயிடுறோம், ப்ளீஸ்ணா!" என்று கெஞ்சுவது பெரும்பாலும் நாமதான். ரெண்டு படகாகப் பிரிந்தால் ஆகும் கூடுதல் செலவு, ஒருத்தர் தலைக்குப் பார்த்தால் ஒரு ஃபலூடா விலை இருக்குமா?

நாறுது பாஸ்!

லைஃப் ஜாக்கெட்டைப் போடாததற்கு நம்ம மக்கள் சொல்கிற காரணங்களைத் தொகுத்தால் தனி புத்தகமே போடலாம். நாறுது. ஈரமா இருக்கு. போட்டோவில் டிரெஸ் தெரியாது. எனக்குத்தான் நீச்சல் தெரியுமே. இந்தக் குட்டையில் என்ன ஆழம் இருக்கப் போகுது...

நாறுவது நிஜம்தான். மறுக்க முடியாது! நூறு பேர் வேர்வையில் நனைந்து, காயாமலே அடுத்தவருக்குப் போகிற சாமான் எப்படி மணக்கும்? கேட்டு, காய்ந்ததாக ஒன்று வாங்கிக்குங்க. ஆனால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும், ஒரு கொக்கி மட்டும் மாட்டுவதும், போட்டோ எடுத்ததும் கழற்றுவதும் வேண்டாம். படகு கவிழும்போது கொக்கி மாட்ட நேரம் கிடைக்காது.

அந்த ஆரஞ்சு கலர் ஸ்பாஞ்சுக்குள் அப்படி என்ன இருக்கு? 60 கிலோ ஆளைத் தூக்க 60 கிலோ மிதப்பு தேவையில்லை. தண்ணீருக்குள் நம்ம உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் கனம்தான். மூக்கும் வாயும் மேலே இருக்கிற அளவுக்குத் தூக்கிப் பிடிக்க நாலைந்து கிலோ போதும். ஒரு நல்ல ஜாக்கெட் ஏழு கிலோ அளவுக்காவது தூக்கும். அதனால்தான் சின்னதாக இருந்தாலும் பெரிய ஆளைக் காப்பாற்றுகிறது. ஆனால் உடம்போடு ஒட்டி இருந்தால்தான். டெஸ்ட் ஈஸி. போட்டு, எல்லா வாரையும் இறுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காது வரைக்கும் வந்தால் லூஸ். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், நீங்க உள்ளே நழுவிடுவீங்க.

துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் கட்டிக்குங்க, வெளியே பறக்க விட வேண்டாம். பேக்கை மாட்டிக்கொண்டே உட்காராதீங்க, காலடியில் வையுங்க. ஹீல்ஸ் கரையிலேயே இருக்கட்டும்.

நீச்சல் தெரிஞ்ச சிங்கங்களுக்கு ஒரு தகவல். கொடைக்கானல் ஏரி 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கு. காலேஜ் நீச்சல் குளம் மாதிரி தண்ணீர் இருக்காது. சட்டென்று ஜில் தண்ணீரில் விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் 'ஹக்' என்று ஒரு பெரிய மூச்சு இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால்? சாம்பியனுக்கும் அதே கதிதான். கூடவே ஜீன்ஸும் ஷூவும் ஸ்வெட்டரும் வேற! இதோடு 'டூர்னா ஒரு கட்டிங்காவது...' கேஸ்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தரையிலேயே நேராக நிற்க முடியாதவர் தண்ணீரில் எப்படி நிற்பார்? அவரைக் கரையில் பஜ்ஜி கடையில் உட்கார வையுங்க.

உங்களுக்கு அரை மணி, அவங்களுக்கு வாழ்க்கை

ஏரியில் நாம மட்டும் இல்லை. ஹனிமூன் ஜோடி இருக்கும். பாட்டி, பேத்தியோடு வந்த குடும்பம் இருக்கும். இன்னொரு காலேஜிலிருந்து பொண்ணுங்க வந்திருப்பாங்க. அவங்க படகைத் துரத்துவது, இடிப்பது, தண்ணீர் அடிப்பது, பாட்டுப் பாடுவது, கேட்காமல் போட்டோ எடுப்பது... இதையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் பண்ணினால் என்ன பேர் வைப்பாங்களோ அதே பேர்தான் தண்ணீரிலும். சொல்லப்போனால் இங்கே இன்னும் மோசம். ரோட்டில் என்றால் விலகிப் போய்விடலாம். நடு ஏரியில் அவங்க எங்கே போவாங்க? பயந்து எழுந்து நிற்பாங்க. அப்புறம் நடப்பதை மேலே படிச்சுட்டீங்க.

படகுகளை மோத விடுவதில் விரல் போன கதைகளும் உண்டு. ரெண்டு படகுக்கு நடுவிலோ, படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவிலோ கையை விடாதீங்க. காலை நீட்டிப் படகை நிறுத்துகிற ஹீரோயிஸமும் வேண்டாம்.

எஞ்சின் படகு ஏறினால் இன்னொரு மரியாதை. அது கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் அலை வரும். உங்களுக்கு ஜாலி. பக்கத்தில் துடுப்புப் போடுகிறவருக்குத் திண்டாட்டம். "இன்னும் ஸ்பீடா போங்கண்ணா!" என்று டிரைவரை ஏற்றி விடாமல், "அந்தப் படகு தாண்டுற வரைக்கும் மெதுவாப் போலாம்ணா" என்று சொல்லிப் பாருங்க. அவரே உங்களை ஆச்சரியமாகப் பார்ப்பார்! நீங்க சின்னப் படகில் இருந்து, அப்படி ஒரு அலை வந்தால் படகின் மூக்கை அலையைப் பார்த்துத் திருப்புங்க. நேராக வரும் அலையில் படகு ஏறி இறங்கும். விலாவில் வாங்கினால் உருளும்.

பிச்சாவரத்துக்கு வாங்க. சிதம்பரத்திலிருந்து பக்கம். எம்.ஜி.ஆர். நடித்து 1975-ல் வந்த 'இதயக்கனி'யில் பார்த்த அதே சதுப்புநிலக் காடு. துடுப்புப் படகில் குறுகலான கால்வாய்களுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே மரம் கூடாரம் போட்டிருக்கும், ரெண்டு பக்கமும் வேர்கள் கால் மாதிரி தண்ணீரில் இறங்கி நிற்கும். 2004 சுனாமியில் பின்னால் இருந்த கிராமங்களைத் தாங்கிப் பிடித்தது இந்த மரங்கள்தான் என்று ஊரே சொல்லும். அந்த வேரைப் பிடித்து இழுத்து, கிளையை ஒடித்து, அதில் சிப்ஸ் பாக்கெட்டைச் சொருகி விட்டு வருகிறவர்களை என்ன சொல்ல? அங்கே வேர் என்பது மரத்தின் மூக்கு மாதிரி. சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. பிளாஸ்டிக்கால் அதை மூடினால்?

அதே தண்ணீரில்தான் இருளர் மக்கள் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் தலை மட்டும் தெரியும். நீங்க கத்திக்கொண்டு வருகிற படகுக்கு அவர் ஒரு 'சீன்'. அவருக்கு அன்றைய அடுப்பு. தூரத்திலேயே குரலைக் குறைத்து, ஒதுங்கிப் போகச் சொல்லுங்க. முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் போனால் தண்ணீர்மேல் வரிசையாக மிதவைகள் தெரியும். கீழே வலை இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் படகு போனால் வலை கிழியும். எஞ்சின் படகு என்றால் இறக்கையில் வலை சுற்றி நீங்களும் நடுவில் நிற்பீங்க. வலை என்ன விலை என்று ஒரு மீனவரிடம் விசாரித்துப் பாருங்க, தலை சுற்றும்.

ஒகேனக்கல் பரிசல் தனி கேட்டகிரி. மூங்கிலில் பின்னின பெரிய கூடைதான் அது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முன்னாடியெல்லாம் மாட்டுத் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். வட்டமாக இருப்பதால் எல்லாரும் சுற்றிச் சமமாக உட்கார்ந்தால்தான் நிற்கும். ஒருத்தர் அருவியைப் பார்க்க எழுந்தால் பரிசல்காரர் திட்டுவார். திட்டட்டும்! பாறைக்கும் சுழலுக்கும் நடுவில் ஒற்றைத் துடுப்போடு நிற்கிறவர் அவர். "ரவுண்டு சுத்துங்கண்ணா" என்று நூறு ரூபாயை நீட்டி அவரை வம்பில் மாட்டிவிட வேண்டாம்.

அப்புறம், நீங்க போகிற அன்றைக்கு 'பரிசல் இயக்கத் தடை' என்று போர்டு இருக்கலாம். மேலே பார்த்தால் வெயில் கொளுத்தும். 'ஒரு சொட்டு மழை இல்லையே, சும்மா பந்தா பண்றாங்க' என்று தோன்றும். மழை இங்கே பெய்ய வேண்டியதே இல்லை. கர்நாடகாவில் கபினியிலோ கிருஷ்ணராஜசாகரிலோ திறந்து விட்ட தண்ணீர் வந்துகொண்டிருக்கும். எல்லையில் பிலிகுண்டுலுவில் கன அடிக் கணக்கில் அளந்து பார்த்துத்தான் தடை போடுகிறார்கள். 'தனியா கூட்டிட்டுப் போறேன்' என்று யாராவது காதில் கிசுகிசுத்தால், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்க.

சத்தமே வராது

படிக்கிறதோடு நில்லாமல் உங்க கேங்க் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டிய பகுதி இது.

சினிமாவில் முழுகுகிறவர் என்ன பண்ணுவார்? "காப்பாத்துங்க... காப்பாத்துங்க..." என்று கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பது குறைவு. அமெரிக்காவில் ஃபிராங்க் பியா என்ற கடற்கரை உயிர்காப்பாளர் முழுகுகிறவர்களைப் படம் எடுத்தே கவனித்தார். அவர் கண்டது என்னவென்றால், முழுகுகிறவரால் கத்தவே முடிவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடியில் மூச்சு விடவும் இழுக்கவுமே நேரம் சரியாகிவிடும், கத்துவதற்குக் காற்று இருக்காது. கை மேலே வராது. தண்ணீரைக் கீழே அமுக்கப் பார்க்கும். உடம்பு நேராக நிற்கும், ஏணி ஏறுகிற மாதிரி. இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவர்கள் 'விளையாடுறான்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஃபிரெண்டு திடீரென்று அமைதியானால் திரும்பிப் பாருங்க. "மாப்ளே, ஓகேயா?" என்று கேளுங்க. பதில் வரவில்லை என்றால், உடனே செயல்படுங்க.

எப்படி? ஜாக்கெட் இல்லாமல் பின்னாலேயே குதிக்காதீங்க. ஒருத்தரைக் காப்பாற்றப் போய் மூணு பேர் போன செய்திகளை மாசம் ஒரு தடவை பேப்பரில் படிக்கிறோம். முழுகுகிறவர் கையில் எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறப் பார்ப்பார். அது நீங்களாக இருந்தால் ரெண்டு பேரும் கீழே. துடுப்பை நீட்டுங்க. துப்பட்டா, பெல்ட், துண்டு எதையாவது முடிச்சுப் போட்டு எறியுங்க. மூடி போட்ட காலி 20 லிட்டர் வாட்டர் கேன் இருந்தால் லாட்டரி. அது கிட்டத்தட்ட 20 கிலோ மிதப்பு, ரெண்டு மூணு ஜாக்கெட்டுக்குச் சமம். அவரைப் படகின் பக்கவாட்டில் இழுத்து ஏற்றாதீங்க, நீங்களும் கவிழ்வீங்க. பின்பக்கம் பிடித்துக்கொள்ள வைத்து அப்படியே கரைக்குப் போகலாம்.

நீங்களே விழுந்தால்? நீச்சல் அடித்துக் கரைக்குப் போகணும்னு அவசரப்படாதீங்க. மல்லாந்து, காதை நனைய விட்டு, முகம் வானத்தைப் பார்க்க மிதங்க. மூச்சு சீராகட்டும். படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மிதக்கும், அதை விடாமல் பிடிங்க. கரை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தூரம். ஜாக்கெட்டில் விசில் இருந்தால் ஊதுங்க. ரெண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலேயும் கீழேயும் திரும்பத் திரும்ப அசைப்பது உலகம் முழுக்க 'ஆபத்து' சிக்னல். ஒற்றைக் கையை ஆட்டினால் 'டாட்டா' என்று நினைத்து அவங்களும் டாட்டா காட்டுவாங்க!

இதனால்தான், சும்மா தமாஷுக்கு "ஐயோ, காப்பாத்துங்க!" என்று கத்துகிற காமெடியை மட்டும் தயவுசெய்து விட்டுடுங்க. உங்க குரலை நம்பி ஒரு படகு வரும். அடுத்த தடவை நிஜமாகவே யாராவது கத்தும்போது, அந்தப் படகோட்டி, 'காலேஜ் பசங்க... வேற வேலை இல்லை' என்று தலையைத் திருப்பிக்கொள்வார்.

கரைக்குக் கொண்டு வந்த பிறகு நம்ம ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. ரெண்டும் தப்பு. தண்ணீர் வருகிறதோ இல்லையோ, வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போகும், நேரமும் போகும். மட்டமான தரையில் படுக்க வையுங்க. மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும், பிறகு மார்பை அமுக்க வேண்டும். 30 அமுக்கு, 2 மூச்சு. முழுகினவருக்கு முதல் தேவை காற்றுதான். ஒருத்தர் இதைப் பண்ணும்போதே இன்னொருத்தர் 108-க்குப் போன் போடட்டும். கடல் பகுதி என்றால் கடலோரக் காவல்படையின் 1554. இதைக் கட்டுரை படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. உங்க காலேஜ் யூத் ரெட் கிராஸ், என்.எஸ்.எஸ். ஆபீஸரைக் கேளுங்க, பொம்மையை வைத்துச் சொல்லித் தர ஆள் கூட்டி வருவார். அட்டென்டன்ஸும் கிடைக்கும்!

கடைசியாக ஜெட்டி. படகு கட்டுவதற்கு முன்னாடியே எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து நிற்பதுதான் நம்ம வழக்கம். டவுன் பஸ் பழக்கம்! படகோட்டி கயிறு கட்டி 'ம்' சொல்கிற வரைக்கும் உட்காருங்க. ஒருத்தர் இறங்கின பிறகு அடுத்தவர். விளிம்பில் மிதிக்காமல் நடுவிலிருந்து கால் எடுத்து வையுங்க. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் உங்களோடு இறங்கட்டும். துடுப்புப் போட்டவருக்கு உள்ளங்கை காய்ச்சிப் போயிருக்கும், ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவீங்க? அப்படியே ஜாக்கெட்டைச் சுருட்டிக் குவியலில் எறியாமல், கொக்கிகளை மாட்டி, வெயில் படுகிற மாதிரி கம்பியில் தொங்க விடுங்க. வரிசையில் அடுத்த காலேஜ் நிற்குது. அந்த பஸ்ஸிலிருந்தும் ஒருத்தர் இறங்கி, "டேய் மச்சி..." என்று ஆரம்பிச்சுட்டார். ஜாக்கெட்டை அவர் கையிலேயே கொடுங்க.